முத்தம் கொடுத்தும் பெயர் போகாத ஆறு

நான் போக வேண்டிய ஊர் ம்யுண்டன். போய் இறங்கிய ஊர் மிண்டன்.

ஜெர்மனிக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஹனோவரில் வேலை. ம்யுண்டனில் வீடு பிடித்திருந்த நண்பன் ஒருவன் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தான். போனில் ஊர்ப் பெயரைச் சொன்னான், நான் காதில் விழுந்தபடி டிக்கெட் எடுத்தேன். உதட்டை ‘உ’ என்று குவித்துக்கொண்டு உள்ளே ‘இ’ என்று சொன்னால் ஒரு ஒலி வரும். அதற்கு நம்மிடம் எழுத்து இல்லை. அப்போது எனக்குக் காதும் இல்லை. வெறும் ‘இ’ என்றுதான் கேட்டது. தெற்கே போக வேண்டியவன் மேற்கே போய்விட்டேன்.

‘ஸ்டேஷனிலிருந்து நடந்தால் வேஸர் ஆறு வரும்’ என்று அவன் அடையாளம் சொல்லியிருந்தான். நடந்தேன், வேஸர் வந்தது. பிறகு எதற்குச் சந்தேகம்? கரையோரமாகக் கொஞ்ச தூரம் போனால் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம். பாலத்தின் மேல் சாலை இல்லை, தண்ணீர். கால்வாய் ஒன்று ஆற்றைத் தாண்டி அந்தரத்தில் போகிறது. மணல் ஏற்றிய நீளப் படகு ஒன்று என் தலைக்கு மேலே அவசரமே இல்லாமல் நகர்ந்து போனது. வாயைப் பிளந்து பார்த்துவிட்டு நண்பனைக் கூப்பிட்டு, “உங்க ஊர்ல படகு பாலத்து மேல போகுதேடா” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிப்பு. “டேய், ஆறு சரிதான். நீ இருநூறு கிலோமீட்டர் கீழ நிக்கிற.”

மத்தியானச் சாப்பாடு ராத்திரிச் சாப்பாடானது.

நண்பனின் வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருந்தார். எழுபதைத் தாண்டியவர், தபால் வேலையில் ஓய்வுபெற்றவர். நான் தடம் மாறிய கதையைக் கேட்டதும் அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். “நீங்கள் முதல் ஆள் இல்லை. இந்த இரண்டு ஊர்க் கடிதமும் மாறி மாறிப் போவது பழைய கதை” என்றார். அந்தக் குழப்பத்துக்குத்தான் ம்யுண்டனுக்கு முன்னால் ‘ஹன்.’ என்று ஒட்டவைத்திருக்கிறார்கள். ஹனோவர் ஆட்சியைச் சேர்ந்த ம்யுண்டன் என்று அர்த்தம். இன்றைக்கு ஊரின் அதிகாரப்பூர்வப் பெயரே ‘ஹன். ம்யுண்டன்’தான், சுருக்கப் புள்ளியும் சேர்த்து. பெயரின் நடுவில் முற்றுப்புள்ளி வைத்திருக்கும் ஊரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ம்யுண்டன் என்றால் ஆறுகள் வாய்வைக்கும் இடம். வெர்ரா, ஃபுல்டா என்று இரண்டு ஆறுகள் அங்கே கூடுகின்றன. கூடிய பிறகு ஆற்றுக்குப் பெயர் வேஸர். நம் ஆள் ஒருவன் பெயர் வைத்திருந்தால் கூடல் என்றோ முக்கூடல் என்றோ முடித்திருப்பான். மிண்டனுக்கும் இந்த ‘வாய்’க்கும் சம்பந்தமில்லை. அந்த ஊருக்கு வேறொரு கதை சொல்கிறார்கள். பேரரசர் சார்லமேனும் அவரிடம் தோற்ற சாக்சன் தலைவன் விடுகிண்டும் சமாதானமாகி, கோட்டையைப் பங்கு வைத்துக்கொண்டு, ‘இது மின், இது டின்’ என்றார்களாம். மின் என்றால் என்னுடையது, டின் என்றால் உன்னுடையது. இரண்டும் ஒட்டி மிண்டன். கேட்க நன்றாக இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிவைத்த பெயர் ‘மிண்டா’. அதற்குள் எந்தப் பங்காளியும் இல்லை.

மறுநாள் காலை பெரியவர் எங்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனார். ஆறுகள் சேரும் இடத்தில் நிலம் மூக்கு மாதிரி நீண்டிருக்கிறது. அந்த மூக்கின் நுனியில் ஒரு கல். அதில் நான்கு வரிப் பாட்டும், அடியில் 31 ஜூலை 1899 என்ற தேதியும் இருக்கின்றன. வெர்ராவும் ஃபுல்டாவும் முத்தமிடும் இந்த இடத்தில் இரண்டும் தங்கள் பெயரைப் பறிகொடுக்க வேண்டும், அந்த முத்தத்தில் பிறக்கிறது கடல்வரைக்கும் ஜெர்மன் ஆறாகவே ஓடும் வேஸர் என்பது பாட்டின் சாரம். ‘கடல்வரைக்கும் ஜெர்மன்’ என்பதில் ஒரு குத்தல் தெரிகிறது. ரைன் கடைசியில் நெதர்லாந்துக்குள் போய்விடுகிறது, எல்பெ செக் மலையில் பிறந்து வருகிறது. இவர்களுக்கென்று முழுசாக இருக்கும் பெரிய ஆறு வேஸர்தான். 1899இல் அது பெரிய விஷயமாகப்பட்டிருக்கும்.

நான் பாட்டை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை பெரியவர் காத்திருந்தார். அப்புறம் சொன்னார்: “பாட்டு நன்றாக இருக்கிறது. விஷயம்தான் தப்பு. ஃபுல்டா பெயரை இழக்கிறது, உண்மை. வெர்ரா எதையும் இழக்கவில்லை. வெர்ராவும் வேஸரும் ஒரே பெயர்.”

அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இந்தப் பைத்தியத்துக்குள் தள்ளிவிட்டது.

அவர் சொன்னதும் நான் பிற்பாடு தேடிப் படித்ததும் இதுதான். ரோமானியர்கள் இந்த ஆற்றை விசுர்கிஸ் என்று எழுதினார்கள். இடைக்கால ஜெர்மன் ஆவணங்களில் விசுரஹா, விசரஹா, விசெரா என்றெல்லாம் வருகிறது. அந்தப் பெயர் இன்று வெர்ரா எனப்படும் மேல் பகுதிக்கும் உண்டு, வேஸர் எனப்படும் கீழ்ப் பகுதிக்கும் உண்டு. ஜெர்மன் மொழி நெடுங்காலமாக இரண்டு பெரும் பேச்சு வழக்குகளாகப் பிரிந்தது, மலைப்பக்கத்துத் தெற்கு வழக்கு ஒன்று, சமவெளியின் வடக்கு வழக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு ஏறக்குறைய இந்த ம்யுண்டன் பக்கமாகத்தான் போகிறது. மேலே இருந்தவர்கள் வாயில் ‘ச்ர’ என்ற கூட்டு தேய்ந்து ‘ர்ர’ ஆகி வெர்ரா ஆயிற்று. கீழே இருந்தவர்கள் சகரத்தை விடவில்லை, அது வேஸர் ஆயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக இரண்டும் இரண்டு ஆறு என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். நம்பிக்கை முற்றியபோது கல்லே நட்டுவிட்டார்கள்.

பெயரை வைத்துக் கணக்குப் போட்டால் ஃபுல்டா வெறும் கிளையாறு. தெற்கே துரிங்கியக் காட்டில் ஊற்றெடுப்பதே வேஸர்தான், மொத்த நீளம் ஏறக்குறைய 750 கிலோமீட்டர். இதை ஃபுல்டாக் கரை ஊர்களில் சொல்லிப் பாருங்கள், காபி கிடைக்காது.

விசுரஹாவின் கடைசியில் இருக்கும் ‘அஹா’வைக் கவனித்தீர்களா? பழைய ஜெர்மனில் அதற்கு ஓடும் தண்ணீர் என்று பொருள். லத்தீனின் ‘அக்குவா’வுக்கு உடன்பிறப்பு. இந்த ஒரு சொல் தெரிந்தால் ஜெர்மன் வரைபடத்தின் மேல் விளக்கைப் பிடித்த மாதிரி. ஃபுல்டா முன்பு ஃபுல்டஹா, நிலத்தின் தண்ணீர். சில இடங்களில் ‘அஹா’ தேய்ந்து வெறும் ‘ஆ’ ஆகும், வேறு இடங்களில் இறுகி ‘ஆஹ்’ ஆகும். தென்மேற்கே கறுங்காடு என்ற மலைப்பகுதியில் ஓர் ஆறு ஊற்றிலிருந்து வரும்போது ஒரு பெயர், ஏரியைத் தாண்டியதும் குட்டாஹ், இன்னொரு ஓடை சேர்ந்து பள்ளத்தாக்கில் சீற ஆரம்பித்ததும் வுட்டாஹ். குட்டாஹ் என்றால் நல்ல தண்ணீர், வுட்டாஹ் என்றால் வெறிபிடித்த தண்ணீர். ஒரே ஆளுக்குச் சாப்பிடும் முன் ஒரு பெயர், குடித்த பின் ஒரு பெயர்.

சில ஆறுகளுக்கு அடைமொழியே கிடையாது, வெறும் ‘ஆஹ்’. ‘எங்கே போய்ட்டு வர்றே?’ ‘தண்ணிக்கு.’ அவ்வளவுதான் பெயர். பக்கத்தில் வேறு ஆறு இல்லாதவனுக்கு அடைமொழி எதற்கு? அப்படி ஓர் ‘ஆஹ்’தான் நான் ஜெர்மனியில் பார்த்தவற்றிலேயே விசித்திரமானது. டோனாவ், நாம் டான்யூப் என்று பள்ளியில் படித்த அதே ஆறு, டோனாவெஷிங்கன் ஊர்ப் பக்கம் பிரிகாஹ், பிரெக் என்ற இரண்டு சிற்றாறுகள் கூடுவதால் பிறக்கிறது. ‘பிரிகாஹும் பிரெக்கும் சேர்ந்தா டோனாவ் வழிக்கு வந்துடும்’ என்ற மாதிரி குழந்தைகள் சொல்லும் எதுகைப் பாட்டே இருக்கிறது. பிறந்து கொஞ்ச தூரம் போனதும் இம்மெண்டிங்கன் அருகே ஆறு தரைக்குள் போய்விடுகிறது. சுண்ணாம்புப் பாறை, அடியெல்லாம் ஓட்டை. கோடையில் போனேன். படுகையில் கூழாங்கல்லின் மேல் செருப்போடு நடந்தேன். ஐரோப்பாவின் இரண்டாவது நீளமான ஆற்றை ஷூ நனையாமல் தாண்டினேன். ஒரு திருப்பத்தில் மட்டும் கடைசித் தண்ணீர் கரையோரக் கல் இடுக்கில் சுழித்துச் சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது, குளியலறை வடிகால் மாதிரி லேசான சத்தத்தோடு.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று 19ஆம் நூற்றாண்டில் பெரிய தகராறு. ஓட்டைகளை அடைத்துத் தண்ணீரைக் காப்பாற்றப் பார்த்தார்கள் மேல்கரைக்காரர்கள். அடைத்தால் எங்கள் ஆலை நின்றுபோகும் என்றார்கள் தெற்கே இருந்தவர்கள். 1877இல் பத்துக் கிலோ பச்சைச் சாயத்தை அந்த ஓட்டைகளில் கொட்டினார்கள். கிட்டத்தட்ட அறுபது மணி நேரம் கழித்து, சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ஆஹ் என்ற சின்ன ஊரின் ஊற்றில் தண்ணீர் பச்சையாகப் பளபளத்தது. அங்கிருந்து ‘ஆஹ்’ ஆறாக ஓடி, போடன் ஏரியில் விழுந்து, கடைசியில் ரைனாகிவிடுகிறது. கருங்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் வடகடலுக்குப் போகிறது. பெயரை உண்மையிலேயே இழக்கும் ஆறு பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். டோனாவ் தரைக்குள் போகிறது, வெளியே வரும்போது அதன் பெயர் ‘தண்ணீர்’. இதற்கு யாரும் பாட்டெழுதிக் கல் நடவில்லை.

சரி, பெரிய ஆறுகளுக்கு வருவோம். இதில் பெயராய்வாளர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு விஷயம் உண்டு: ஆறு பெரிதாக ஆக, பெயரும் பழையதாகிறது. காரணம் லேசாகப் புரியும். ஊருக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கு மூன்று தெரு ஆட்கள்தான் சொந்தம். புதிதாகக் குடிவந்தவன் மில் ஓடை என்று சொல்ல ஆரம்பித்தால் அடுத்த தலைமுறையில் அது மில் ஓடைதான். பெரிய ஆற்றுக்கு ஆயிரம் ஊர் சொந்தம். புதிதாக வந்தவன் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தால் மேல்கரையில் இருப்பவனுக்குப் புரியாது. கேட்ட பெயரையே அவனும் சொல்லியாக வேண்டும். மொழி மாறும், பெயர் மாறாது.

ரைன் ஜெர்மன் சொல் இல்லை. ஐரோப்பாவின் பழங்குடிகளான கெல்ட்டியர் வாயில் அது ரேனோஸ், ஓடுவது என்று பொருள். இத்தாலியில் போலோன்யா பக்கம் ஓடும் ரேனோவும் அதே பெயர்தான். ரைனை எழுதும்போது நடுவில் உச்சரிப்பே இல்லாத ஒரு ‘ஹ’ வருமே, அது கிரேக்கர்கள் எழுதின முறையைப் பார்த்து ரோமானியர் செருகியது. இரண்டாயிரம் வருஷமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. எல்பெயை ரோமானியர் அல்பிஸ் என்றார்கள். நார்வேக்காரனிடம் ‘எல்வ்’ என்றால் இன்றைக்கும் அது ஆறு என்ற பொதுச்சொல். டோனாவின் முதல் பாதி ‘தானு’, அதாவது நீர், ஒழுக்கு. ரஷ்யாவின் டோன், உக்ரைனின் நீப்பர், நீஸ்டர் எல்லாம் அந்தக் குடும்பம். ரிக்வேதத்தில் வரும் தானு என்ற சொல்லும் அதே வேர்தான். கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஆவ்’ மட்டும் உள்ளூர்ச் சரக்கு. புல்வெளிக்கு ஜெர்மனில் ஆவ்வெ என்பார்கள். புரியாத பெயரின் வாலைப் பிடித்துப் புரிந்த சொல்லாக்கிக்கொண்டார்கள்.

மியூனிக் வழியே ஓடும் ஈஸாரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் ஈஸேர் என்று ஓர் ஆறு. செக் நாட்டில் யிஸெரா. பாரிஸுக்குக் கீழே செய்னில் கலக்கும் உவாஸ் ஆற்றுக்கு லத்தீன் பெயர் ஈஸாரா. நான்கு நாடு இல்லை, மூன்று நாடுதான், ஆனால் நான்கு ஆறு, ஒரே பெயர். ஹன்ஸ் கிராஹெ என்ற ஜெர்மன் மொழியியலாளர் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த மாதிரிப் பெயர்களையெல்லாம் வரிசையாக அடுக்கி, ஜெர்மன், கெல்ட்டிக், இத்தாலிக் என்று கிளைகள் பிரிவதற்கு முந்தைய ஒரு பழைய ஐரோப்பிய அடுக்கு இது என்றார். பின்னால் தியோ ஃபென்னமன் வந்து, இல்லை, இதெல்லாம் பாஸ்க் மொழியின் உறவுமொழி ஒன்று விட்டுப்போனது என்றார். பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை. கிடைத்த வேர்கள் எல்லாம் ஓடு, வழி, நனை, பாய் என்றே இருக்கின்றன என்பதில் மட்டும் எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு உண்டு. ஆற்றைப் பார்த்தவன் வேறென்ன சொல்வான்?

இந்த இடத்தில் பெரியவரின் எச்சரிக்கை ஒன்று. தபால்காரராக இருந்து ஊர்ப் பெயர்களைப் பிரித்துப் பிரித்தே கையும் காதும் பழகியவர். “இன்று எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்காதீர்கள். முதன்முதலாக எப்படி எழுதினார்கள் என்று பாருங்கள். அது கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொள்ளுங்கள்” என்றார். ஒலி ஒத்துப்போனால் உடனே உறவு கொண்டாடுகிறவர்கள் நம் பக்கமும் நிறைய, அங்கேயும் நிறைய. எஸ்ஸன் என்ற பெரிய தொழில் நகரம் இருக்கிறது. ஜெர்மனில் எஸ்ஸன் என்றால் சாப்பாடு. முதன்முதலாகக் கிடைக்கும் வடிவம் ‘அஸ்ட்னிடெ’. சாப்பாட்டுக்கு வழியில்லை. டார்ம்ஷ்டாட்டைக் குடல் நகரம் என்று மொழிபெயர்த்துக் கேலி செய்வார்கள். பழைய வடிவத்தில் குடல் கிடையாது. மைன்ஸ் நகரம் மைன் ஆறு ரைனில் சேரும் இடத்துக்கு நேரெதிரே நிற்கிறது. மைன், மைன்ஸ், இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் ரோமானியர் காலத்தில் ஊர் மொகொன்டியாக்கும், ஆறு மொயெனுஸ். ஊரின் பெயருக்குள் இருப்பது கெல்ட்டியத் தெய்வம் மொகோன். இரண்டு பெயரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே ஆயிரத்துச் சொச்சம் வருஷத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன.

ரேகன்ஸ்பர்க்கில் நான் ஏமாந்தேன். ரேகன் என்றால் மழை. நான் போன அன்று அடைமழை வேறு. ஊர் பெயருக்கேற்ற ஊர் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே டோனாவில் வந்து விழும் ஓர் ஆற்றுக்கே ரேகன் என்றுதான் பெயர். அந்த ஆற்றை வைத்துத்தான் 179ஆம் ஆண்டு ரோமானியப் படைத்தளத்துக்குக் காஸ்ட்ரா ரெகீனா என்று பெயர் வந்தது. லத்தீன் தெரிந்தவன் ரெகீனா என்றால் ராணி என்பான், ஜெர்மன் தெரிந்தவன் ரேகன் என்றால் மழை என்பான். ஆறோ இருவருக்கும் முன்னாலேயே அந்தப் பெயரோடு ஓடிக்கொண்டிருந்தது.

ரோமானியர் விட்டுப்போன ஊர்ப் பெயர்களில் எனக்குப் பிடித்தது கொலோன். பேரரசர் கிளாடியஸின் மனைவி அக்ரிப்பினா அந்த ஊரில் பிறந்தவள். பிறந்த ஊருக்கு அந்தஸ்து வாங்கிக் கொடுத்தாள். கி.பி. 50இல் அது கொலோனியா கிளாவ்டியா ஆரா அக்ரிப்பினென்சியும் ஆனது. இவ்வளவு நீளப் பெயரில் கடைசியில் நிலைத்தது ‘குடியேற்றம்’ என்ற முதல் சொல் மட்டும். அக்ரிப்பினா கரைந்துபோனாள், காலனி நின்றுவிட்டது. அங்கிருந்து ரைனோடு மேலே போனால் மோசல் ஆறு சேரும் இடத்தில் கோப்ளென்ஸ். அது லத்தீனில் கொன்ஃப்ளூயென்டேஸ், கூடுமிடம். ம்யுண்டனுக்கும் கோப்ளென்ஸுக்கும் ஒரே அர்த்தம், மொழிதான் வேறு.

பாஸாவ் கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. டோனாவ், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் கூடும் ஆஸ்திரிய எல்லை நகரம். ரோமானியர் காலத்தில் அங்கே காவலுக்கு இருந்த படை நெதர்லாந்துப் பக்கத்து பட்டாவியர் குலத்தைச் சேர்ந்தது. ஊருக்கு பட்டாவிஸ் என்று பெயராயிற்று. தென் ஜெர்மன் வழக்கில் ஒரு காலத்தில் நடந்த பெரிய ஒலிமாற்றத்தில் சொல்லின் நடுவே வரும் ‘ட’ எல்லாம் ‘ஸ’ ஆகியது. பவேரியர் வாயில் முன்னாலிருந்த மெல்லிய ‘ப’வும் வன்மையாயிற்று. பட்டாவிஸ் தேய்ந்து பாஸாவ். இதே குலத்தைத் தங்கள் முன்னோர் என்று டச்சுக்காரர்கள் பின்னாளில் பெருமை பேசி, 1619இல் ஜாவாத் தீவில் பிடித்த ஊருக்கும் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். பட்டாவியா, இன்றைய ஜகார்த்தா. பனி பெய்யும் பாஸாவும் வெயில் கொளுத்தும் பழைய பட்டாவியாவும் பெயரளவில் பங்காளிகள்.

அந்த ஒலிமாற்றம் ஒரு கடிகாரம் மாதிரி. ரோமானியச் சாலையோரச் சத்திரத்துக்கு டபெர்னா என்று பெயர். ரைன்ட்ஸாபெர்ன், பெர்க்ட்ஸாபெர்ன் என்று இன்றைக்கு இருக்கும் ஊர்களுக்குள் இருப்பது அந்தச் சத்திரம்தான். முன்னாலிருந்த ‘ட’ மட்டும் ‘ட்ஸ’ ஆகியிருக்கிறது. மாற்றம் நடக்கும் முன்பே அந்த ஊர்ப் பெயர் ஜெர்மன் வாய்க்குள் போய்விட்டது என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். கல்வெட்டு தேவையில்லை.

ஊர் விகுதிகளைப் பற்றி ஒரு பத்தி போதும். ‘ஹைம்’ என்றால் வீடு, ‘டோர்ஃப்’ என்றால் கிராமம், ‘ஃபுர்ட்’ என்றால் ஆற்றை நடந்து கடக்கும் துறை. ஃபிராங்க்ஃபுர்ட் ஃபிராங்கியர் துறை. டியூஸல் ஓடைக்கரைக் கிராமம் என்ற பெயரை வைத்துக்கொண்டே டியூஸல்டோர்ஃபில் ஆறு லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். ‘இங்கன்’ என்றால் பெரும்பாலும் இன்னாரின் ஆட்கள், ஸிக்மாரிங்கன் ஸிகிமார் என்பவனுடையவர்கள். ‘ராய்ட்’, ‘ரோடெ’ என்றால் காடு வெட்டித் திருத்திய இடம், பைராய்ட் பவேரியர்கள் வெட்டியது. மியூனிக் துறவிகளின் இடம், 1158 ஆவணத்திலேயே அப்படித்தான். எர்ஃபுர்ட் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஊர். 742இல் புனித போனிஃபாஸ் போப்பாண்டவருக்கு எழுதிய கடிதத்தில் எர்ஃபெஸ்ஃபுர்ட் என்று வருகிறது. எர்ஃபா என்பது அங்கே ஓடும் ஆற்றின் பழைய பெயர். இப்போது அந்த ஆற்றுக்குப் பெயர் கேரா. ஆறு பெயரை மறந்துவிட்டது, துறை மறக்கவில்லை.

கிழக்கே போனால் வேறு உலகம். எல்பெ, ஸாலெ ஆறுகளுக்கு அப்பால் இடைக்காலத்தில் ஸ்லாவிய மொழி பேசியவர்கள் இருந்தார்கள். பெர்லினின் கொடியில் கரடி நிற்கிறது, 1280 முத்திரையிலேயே கரடி வந்துவிட்டது. ஜெர்மனில் கரடிக்கு ‘பேர்’ என்று பெயர், அதனால் பேர்லின் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் ‘பெர்ல்’ என்பது சதுப்பு நிலத்துக்கான ஸ்லாவியச் சொல். தலைநகரத்தின் பெயர் சேற்றங்கரை. கெம்னிட்ஸ் என்றால் கல் நிறைந்த ஆறு, தமிழில் கல்லாறு என்றே சொல்லிவிடலாம். 1953இல் அந்த ஊருக்குக் கார்ல் மார்க்ஸ் நகரம் என்று பெயர் சூட்டினார்கள். மார்க்ஸ் அங்கே வாழ்ந்ததே இல்லை. 1990இல் மக்களிடம் வாக்கெடுத்தார்கள், கல்லாறு பெரும்பான்மையில் ஜெயித்தது. ஊருக்குப் பெயர் மாறியிருந்த அந்த 37 வருஷமும் ஊர் நடுவே ஓடும் ஆறு கெம்னிட்ஸ் என்றே ஓடிக்கொண்டிருந்தது.

பெர்லின் பக்கத்துப் பாங்கோ, ட்ரெப்டோ, டெல்டோ மாதிரிப் பெயர்களின் கடைசியில் எழுத்தில் ஒரு ‘வ்’ உண்டு. அதைச் சொல்லக் கூடாது. சொன்னால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். என் போனின் வழிகாட்டிக் குரல் வெகுகாலம் ‘பாங்கோவ்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதுவும் என்னைப் போல் வந்தேறி என்று விட்டுவிட்டேன். லவுஸிட்ஸ் பகுதிக்குப் போனால் சோர்பியர் என்ற சிறுபான்மை ஸ்லாவிய மக்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கோட்புஸ், பவுட்சன் ஊர்ப் பலகைகளில் ஜெர்மனுக்குக் கீழே சோர்பியப் பெயரும் இருக்கும். நாஜிகள் 1930களில் அந்தப் பக்கத்து ஸ்லாவிய ஊர்ப் பெயர்களை ஒழித்து ஜெர்மன் பெயர் வைத்தார்கள். போருக்குப் பின் பல ஊர்களுக்குப் பழைய பெயர் திரும்பி வந்தது, சிலவற்றுக்கு வரவே இல்லை.

அந்தப் பக்கம் ரயிலில் போகும்போது பெயர்ப்பலகையில் புல்ஸ்னிட்ஸ் என்று பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். சீகன்பால்குவின் ஊர். 1682இல் அங்கே பிறந்து, ஹல்லே நகரத்தில் படித்து, 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழை அச்சிலேற்றிய அதே சீகன்பால்கு. ஜெர்மன்காரர் என்றே படித்திருக்கிறோம், ஊரின் பெயரோ சோர்பிய ஆற்றுப் பெயர், அந்த ‘னிட்ஸ்’ வால் ஸ்லாவிய வால். ஹல்லே என்பது உப்புக்கான பழைய கெல்ட்டியச் சொல் என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று ஒரு கட்சி, சண்டை இன்னும் ஓயவில்லை. ஊரில் உப்புக் காய்ச்சியதில் மட்டும் சந்தேகமில்லை. அந்த ஹல்லேயின் ஃபிராங்கெ அறக்கட்டளை ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் இருக்கின்றன.

போன அக்டோபரில் மறுபடி ம்யுண்டன் போனேன். இந்தத் தடவை சரியான டிக்கெட். பெரியவர் கைத்தடியோடு கல்லுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு பள்ளிக் கூட்டம் வந்து பாட்டை ஒன்றாகக் கத்திப் படித்துவிட்டுப் போனது. அவர் திருத்தவில்லை. “எத்தனை பேரைத் திருத்துவது? கல்லைத்தான் திருத்த வேண்டும்” என்றார்.

வெர்ரா பக்கம் பொட்டாஷ் உப்புச் சுரங்கங்கள் உண்டு. அவற்றின் கழிவு நூறு வருஷத்துக்கு மேலாக அந்த ஆற்றில்தான் சேர்கிறது, அதனால் வெர்ரா உப்பு. ஃபுல்டா நல்ல தண்ணீர். இரண்டும் கலந்து வேஸராகிப் போனபின் அந்த உப்பை ப்ரேமன் வரைக்கும் அளந்து பார்க்கலாம் என்றார் பெரியவர். கைத்தடியால் இடது பக்கத்து ஆற்றைக் காட்டி, “வேண்டுமானால் நாக்கில் வைத்துப் பாருங்கள்” என்றார். நான் குனிந்து விரலை நனைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, “அது ஃபுல்டா” என்றார்.